துபாய் ஃப்ளாட்டில் மண்ணில்லாமல் கீரை: முதலில் தண்ணீரைக் குளிர வையுங்கள்

துபாயிலோ ஷார்ஜாவிலோ ஃப்ளாட்டில் இருந்துகொண்டு கொஞ்சம் கீரை, கொத்தமல்லி வளர்க்கலாமே என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் மண்ணைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இங்கே இருப்பது மணல், அதிலும் உப்பு, ஊர் மாதிரி செம்மண்ணுக்கு எங்கே போவது என்று. மண்ணை விட்டுவிடுங்கள். செடிக்குத் தேவை தண்ணீர், வேருக்குக் காற்று, கரைந்த சத்துகள், வெளிச்சம், சாயாமல் நிற்க ஒரு பிடிமானம். இவ்வளவையும் ஒரு வாளியிலேயே கொடுத்துவிடலாம். இந்த ஊரில் செடியைச் சாகடிப்பது வேர் நிற்கும் தண்ணீரின் சூடு. வாங்கும் பொருள், வைக்கும் இடம், விதைக்கும் மாதம் எல்லாவற்றையும் அந்தச் சூட்டை மனதில் வைத்து முடிவு செய்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டால் பின்னால் நீங்களே பல முடிவுகளை எடுக்கலாம். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், அதுவே 30 டிகிரிக்குப் போனால் 7.5 மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற வேர் மூச்சு விடுவதோ அதிகமாகிறது. அதாவது தேவை கூடும்போது வரத்து குறைகிறது, அந்த நேரம் பார்த்து பித்தியம் என்கிற வேரழுகல் கிருமி உள்ளே வரும், வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகிவிடும், தண்ணீரிலேயே நின்றுகொண்டு செடி வாடும். லெட்டூஸ், கொத்தமல்லி போன்றவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி தண்ணீர் அருமை, 25 வரை பரவாயில்லை, 28ஐத் தாண்டினால் நாளை எண்ண வேண்டியதுதான். பத்து, பதினைந்து திர்ஹமுக்கு மீன்தொட்டித் தெர்மாமீட்டர் ஒன்று கிடைக்கும், எதை வாங்குவதற்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

மண்ணில்லா விவசாயம் பெரிய அளவில் நடக்கிற ஊர்தான் இது. அல் மக்தூம் விமான நிலையம் பக்கத்தில் 2022ல் திறந்த புஸ்தானிகா பண்ணை 3,30,000 சதுர அடி, வருடத்துக்குப் பத்து லட்சம் கிலோவுக்கு மேல் இலைக்காய்கறி எடுக்கும் திறனோடு கட்டியது. எமிரேட்ஸ் விமானத்தில் தருகிற சாலட் இலை அங்கிருந்தும் வருகிறது. மூடிய கட்டடம், எல்.இ.டி விளக்கு, திரும்பத் திரும்பச் சுற்றும் தண்ணீர். நாம் செய்யப்போவதும் அதேதான், அளவு மட்டும் ஒரு அலமாரித் தட்டு.

ஆனால் ஒரு கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரிசோனாவில் யூமா என்கிற பாலைவனப் பகுதியை வைத்து 2015ல் ஒரு ஆய்வு வந்தது: ஒரு கிலோ லெட்டூஸுக்கு வயலில் சுமார் 250 லிட்டர் தண்ணீர், மண்ணில்லா முறையில் 20 லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஆய்வில் ஆற்றல் செலவு வயலில் 1,100 கிலோஜூல், மண்ணில்லா முறையில் 90,000 கிலோஜூல், அதாவது கிலோவுக்கு 25 யூனிட் மின்சாரம். பசுமைக்குடிலைக் குளிர்விப்பதும் சூடேற்றுவதும்தான் அதில் பெரும்பங்கு. நமக்கு இதில் என்ன இருக்கிறதென்றால், குளிர்ச்சிக்காகத் தனியாக ஒரு பைசா செலவு செய்யாத மாதிரி திட்டமிட வேண்டும். குளிர்காலத்தில் பால்கனி தானாகவே குளிர்ந்திருக்கும், கோடையில் நாம் இருக்கிற அறையில் ஏசி எப்படியும் ஓடும். செடிக்காக ஒரு அறையில் ஏசி போடுவது என்ற நிலை வந்தால் அந்த மாதம் கீரையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் சரி.

எந்த மாதம், எந்த இடம்

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பால்கனி. ஜனவரியில் பகல் 24 டிகிரி சுமார், இரவு 15 பக்கம், அந்தச் சமயத்தில் இந்த ஊரைவிட நல்ல இடம் கீரைக்குக் கிடைக்காது. மே முதல் செப்டம்பர் வரை அறைக்குள் மட்டும்தான், அதில் வாதமே வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் பகல் நாற்பதைத் தாண்டும், இரவிலும் முப்பதுக்கு மேலேயே நிற்கும், வாளித் தண்ணீர் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

பால்கனியில் மேற்குப் பார்த்த இடத்தைத் தவிருங்கள். பாத்திரத்தைத் தரையில் வைக்காதீர்கள், டைல்ஸ் சூடு நேராக ஏறும், ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். வாளிக்கு உள்பக்கம் வெளிச்சம் போகாமல் கறுப்பாகவும் வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளையாகவும் இருக்க வேண்டும். இதைவிட எளிதான வழி தெர்மோகோல் பெட்டி. காய்கறி மார்க்கெட்டில் பழம் வந்து இறங்குகிற மூடி போட்ட தெர்மோகோல் பெட்டிகளைக் கேட்டால் கிடைக்கும். உள்ளே தடித்த கறுப்புப் பாலித்தீன் விரித்து, மூடியில் வட்டமாக ஓட்டை போட்டால் உங்களுக்கு ஒரு தொட்டி தயார், பகல் சூடு உள்ளே இறங்கவே நேரமாகும். ஏப்ரல் மாதிரி இரண்டுங்கெட்டான் வாரங்களில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்துக் காலை பதினோரு மணிக்கு உள்ளே போட்டுவிட்டால் பகலைத் தள்ளிவிடும்.

கட்டடத்தின் விதிகளை வாட்ச்மேனிடமோ மேனேஜ்மென்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் வீட்டில் தண்ணீர் சொட்டக் கூடாது, கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்கக் கூடாது. திறந்த தண்ணீர் எங்கேயும் நிற்கக் கூடாது, கொசு முட்டை வைக்கும். மூடி இறுக்கமாக இருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

என்ன வளர்ப்பது

இணையத்தில் எதைத் தேடினாலும் லெட்டூஸைத்தான் காட்டுவார்கள். அது எளிது, சரி, ஆனால் நம் வீட்டில் தினம் யார் லெட்டூஸ் சாப்பிடுகிறார்கள்? நம் சமையலுக்கு வேண்டியதை வளர்க்கலாம், அதிலும் பாதிக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கும் புதினாக் கட்டில் நல்ல தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி இரண்டும் இதே மாதிரிதான்.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது வள்ளைக்கீரை. பிலிப்பைன்ஸ் மக்கள் கங்கோங் என்பார்கள், இங்கே சூப்பர் மார்க்கெட்டுகளில் கட்டுக்கட்டாக இருக்கும். இலையைச் சமைத்துவிட்டு அடித்தண்டைத் தண்ணீரில் போட்டால் சில நாளில் வேர். இது பிறவியிலேயே தண்ணீர்ச் செடி, வெதுவெதுப்பான தண்ணீரே இதற்குப் பிடிக்கும். மற்றவை துவண்டு விழுகிற 30 டிகிரித் தண்ணீரில் இது செழிக்கும். ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பால்கனியில் எதுவும் நிற்க மறுக்கும்போது இதை வைக்கலாம். பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டு வதக்கிப் பாருங்கள், அப்புறம் விடவே மாட்டீர்கள்.

அரைக்கீரை, தண்டுக்கீரை வகைகளும் சூட்டைத் தாங்கும். விதை கிடைக்கவில்லை என்றால் வங்காளதேச மக்கள் விரும்பி வளர்க்கும் லால் ஷாக் எனும் சிவப்புத் தண்டுக்கீரை விதையை நர்சரியில் கேளுங்கள். கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் மளிகைக் கடையே விதைக் கடை. ஆனால் மளிகைத் தனியா பழையதாக இருக்கலாம், ஈரத் துணியில் பத்து விதை முளைக்கப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கியதை நம்புங்கள். கொத்தமல்லி குளிர்ச்சி விரும்பி, சூடு பட்டால் இலை விடாமல் பூவுக்குப் போய்விடும், ஆகவே குளிர்காலப் பால்கனி அல்லது ஏசி அறை.

தக்காளி, மிளகாய் வளர்க்க வேண்டுமானால் 10 முதல் 15 லிட்டர் வாளியில் கோகோபீட் எனும் தென்னை நார்த் தூளை நிரப்பி, குளிர்காலத்தில் மட்டும். செப்டம்பரில் உள்ளே நாற்று விட்டு, அக்டோபர் கடைசியில் வெளியே கொண்டுவர வேண்டும். பால்கனிக்குத் தேனீ வராது, பூக்காம்பைக் காலையில் விரலால் தட்டிவிடுங்கள். இரவுச் சூடு ஏறினால் தக்காளிப் பூ உதிரும், மிளகாய் கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிக்கும். முதல் வருடம் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மோட்டாரே இல்லாத முறை

பி.வி.சி பைப்பை வரிசையாக அடுக்கி மோட்டார் வைத்துத் தண்ணீர் ஓட விடும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த முறையில் வேருக்கு அடியில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் மட்டுமே ஓடும், மோட்டார் நின்றால் இங்கே உள்ள காற்றுக்குச் சில மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். மெல்லிய தண்ணீர் சீக்கிரம் சூடாகவும் செய்யும். ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் க்ராட்கி உருவாக்கிய முறையில் மோட்டாரும் இல்லை, குழாயும் இல்லை. தொடங்குகிறவர்களுக்கு அதுதான்.

ஒரு லெட்டூஸ் செடிக்குச் சுமார் 4 லிட்டர் பாத்திரம் போதும், நாம் வாங்கும் 5 லிட்டர் தண்ணீர்க் கேனே சரியாக வரும். வெளிச்சம் உள்ளே போகாதபடி அலுமினியத் தாளோ கறுப்பு டேப்போ முழுக்கச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடித்து ஆக்சிஜனையும் சத்தையும் அது எடுத்துக்கொள்ளும். வாய்ப் பக்கத்தை வெட்டி, நெட் கப் எனப்படும் ஓட்டைக் கிண்ணம் அமரும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். கிண்ணத்தில் ஈரக் கோகோபீட்டோ ஒரு அங்குல ஸ்பான்ஜோ, அதில் முளைத்த நாற்று. கோகோபீட் கட்டி இங்கே எங்கும் கிடைக்கிறது, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாவது நிறைய. அதில் உப்பு இருக்கலாம், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டே பயன்படுத்துங்கள்.

முதல் நாள் சத்துத் தண்ணீர் கிண்ணத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இறங்கிய இடைவெளியில் இருக்கும் வேர்கள் காற்றை வாங்கப் பழகிக்கொள்ளும், கீழே தொங்கும் வேர்கள் தண்ணீரை இழுக்கும். இந்த முறையின் உயிரே அந்த இடைவெளிதான். மட்டம் குறைந்ததே என்று மறுபடி கழுத்து வரை ஊற்றினால் காற்று வேர்கள் மூழ்கிச் செடி இரண்டே நாளில் வாடும். ஊற்றத்தான் வேண்டுமென்றால் பாத்திரத்தின் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள்.

அரைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லிக்குத் தனித்தனிக் கிண்ணம் கட்டுப்படியாகாது. ஒரு ஓட்டைத் தட்டில் நாலு விரல் உயரத்துக்குக் கோகோபீட் பரப்பி, நெருக்கமாக விதைத்து, அதை இன்னொரு மூடிய தட்டின் மேல் வைத்து, அடியில் சத்துத் தண்ணீர் அளவாக ஊற்றி வாருங்கள். தனியாவை உள்ளங்கையால் அழுத்தி இரண்டாக உடைத்து, இரவு ஊற வைத்துப் போட வேண்டும், முளைக்கப் பத்து நாள் கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள். வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் கைக்கு வரும், அரைக்கீரை நாலு வாரம், கொத்தமல்லி ஆறு வாரம். லெட்டூஸ் விதையை மட்டும் கண்டிப்பாக ஏசி அறையில் முளைக்கப் போடுங்கள், முப்பதை நெருங்கும் சூட்டில் அது உறங்கிப் போய்விடும், விதை கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவீர்கள்.

தண்ணீரும் சத்தும்

குழாயில் வருவது கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர், செடிக்கு அது நல்லதே. கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து அது கொதிக்கக் கொதிக்க வரும், இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் மாலையே ஒரு வாளி பிடித்து ஏசி அறையில் திறந்து வைத்துவிடுங்கள், மறுநாளைக்குள் சூடும் இறங்கியிருக்கும், குளோரினும் பெரும்பகுதி போயிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உப்பே இல்லாத தண்ணீர்தான், ஆனால் அழுக்கும் பூஞ்சையும் படிந்த, ஏசிக்குள் இருக்கும் குழாய்ச் சுருள் மேல் வழிந்து, உலோகத்தைத் தொட்டு வருகிறது. பூச்செடிக்கு ஊற்றுங்கள், பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு வேண்டாம்.

சத்துக்கு இரண்டு பாட்டில்களாக வரும் ஏ, பி திரவத்தை வாங்கலாம், அல்லது மலிவாகத் தூள்களை வாங்கி நாமே கலக்கலாம். மாஸ்டர்பிளெண்ட் 4-18-38 என்ற உரத்தூள், கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு எனும் மெக்னீசியம் சல்பேட், இந்த மூன்றும். 10 லிட்டர் தண்ணீருக்கு முதலாவது 6 கிராம், இரண்டாவது 6 கிராம், எப்சம் 3 கிராம், இது முழு அளவு. நம் கீரைகளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும், அதாவது 4, 4, 2 கிராம். நாற்றுக்கு முழு அளவில் பாதி. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி குட்டித் தராசு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், டீஸ்பூன் அளவெல்லாம் சரிப்படாது.

கலக்கும் வரிசை முக்கியம். மாஸ்டர்பிளெண்டை முழுத் தண்ணீரில் கரைத்து, அடுத்து எப்சமைக் கரைத்து, எல்லாம் தெளிந்தபின் கால்சியம் நைட்ரேட்டைத் தனி டம்ளரில் கரைத்துக் கடைசியாகச் சேருங்கள். தூள்களை ஒன்றாகப் போட்டுக் கொஞ்சத் தண்ணீரில் கலக்கினால் கால்சியமும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும். படிந்தது செடிக்குக் கிடைக்காது.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச் 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும். குறைக்கக் கடையில் விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஓரிரு நாள்தான், நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றதும் பழையபடி ஏறிவிடும். சத்தின் அடர்த்தியை, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளக்கும் ஈ.சி மீட்டரில் பார்க்கலாம், கீரைகளுக்கும் கொத்தமல்லிக்கும் 1.2 முதல் 1.6 (mS/cm அளவில்), புதினாவுக்கு 2 வரை. பேனா மாதிரி டி.டி.எஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், ஈ.சி 1 என்பதை ஒரு மீட்டர் 500 என்று காட்டும், இன்னொன்று 700 என்று காட்டும், உங்களுடையது எது என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்துக்கென்றே ஒரு விஷயம் இதில் உண்டு. காற்று உலர்ந்திருப்பதால் செடி சத்தைவிடத் தண்ணீரையே வேகமாக இழுக்கும், மிஞ்சுகிற தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். இலை நுனி கருகினால் சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரம் போடுகிறார்கள், அது நிலைமையை மோசமாக்கும். முதலில் மீட்டரைப் பாருங்கள். ஏறியிருந்தால் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். தொடங்கும்போதே குறைந்த அளவில் கலக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

அறைக்குள் வெளிச்சம்

ஜன்னல் ஓரம் மட்டும் போதாது, இங்கே ஜன்னல் கண்ணாடிகள் பெரும்பாலும் வெயிலைத் தடுக்கும் பூச்சு உள்ளவை, செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளும். இரண்டடி அலமாரித் தட்டுக்கு 30 வாட் வெள்ளை எல்.இ.டி, இலைக்கு ஒரு சாண் உயரத்தில், தினம் 14 மணி நேரம், ஒரு டைமர் பிளக்கில் மாட்டிவிட்டால் மறந்துவிடலாம். ஊதா நிற விளக்கு தேவையில்லை, கண்ணுக்கும் அது கஷ்டம். மாதம் சுமார் 13 யூனிட் ஆகும், துபாயின் முதல் அடுக்குக் கட்டணமான 23 ஃபில்ஸில் பார்த்தால் மூன்று திர்ஹம், எரிபொருள் கூடுதல் தனி. விளக்கு சூடாகும், அது தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கம் படாமல் பாருங்கள். சின்ன மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓட விட்டால் இலைக்கும் நல்லது, லெட்டூஸ் நடுக்குருத்து கருகுவதும் குறையும். ஏசி காற்று நேராகச் செடி மேல் அடிக்கக் கூடாது.

பூச்சி அறைக்குள் குறைவுதான். காற்று உலர்ந்திருந்தால் செஞ்சிலந்தி வரும், இலைக்கு அடியில் மெல்லிய வலை தெரியும். குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தைப் பீச்சிக் கழுவி, மென்மையான சோப்புத் தண்ணீர் தெளித்து, சில நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். அசுவினிக்கும் இதுவே. வேரழுகல் வந்த செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம், எடுத்துப் போட்டு, பாத்திரத்தைப் பிளீச் கலந்த தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்துத் தொடங்குங்கள். அறுவடைக்குப் பின் மீந்த சத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுங்கள், கறிவேப்பிலை செழிக்கும்.

கடைசியாக லீவு. பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் போவோம், பூட்டிய ஃப்ளாட் அடுப்பு மாதிரி ஆகிவிடும், உள்ளே எந்தச் செடியும் பிழைக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வதில் பயனில்லை. டிக்கெட் போட்ட தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆறு வாரத்துக்குள் முடியாத எதையும் மே கடைசிக்குப் பிறகு விதைக்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் அறுத்துச் சமைத்துவிடுங்கள். புதினா, பொன்னாங்கண்ணித் தண்டுகளில் இரண்டை ஊருக்குப் போகாத நண்பர் வீட்டில் ஒரு பாட்டில் தண்ணீரில் விட்டு வையுங்கள், திரும்பி வந்ததும் அதிலிருந்தே வெட்டி வைக்கலாம். மீதி விதைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் அதையும் நண்பரிடமே கொடுத்துவிடுங்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஏசி அறையில் நாற்று விட்டால், பால்கனி குளிரும் நேரத்துக்கு வெளியே வைக்கச் சரியாக இருக்கும்.